இரண்டு சுற்றுச் சுற்றிய சக்கரம்

சனிக்கிழமை, காலை 6.10.

காலடிப்பேட்டையில் தமீம் பாயின் பட்டறையிலிருந்து கான்டெஸா காரை எடுத்துக்கொண்டு எண்ணூர் சாலையில் போன நவ்ரீன், ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"பாய், நேத்து நான் ஓட்டுன வண்டி இது இல்ல."

காரைத் தூக்கிப் பார்த்தார்கள். பின் அச்சில் இருந்து இன்ஜின் சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டிய புது டிஃபரன்ஷியலைக் காணோம். கழற்றிப் போட்ட பழையது மறுபடியும் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மறுநாள் பந்தயம், ஓட்டப்போவது நவ்ரீன்.

அது சும்மா கடையில் வாங்கிய சாமான் இல்லை. மெக்கானிக் பகலவன் ஒரு மாதம் மண்டையைக் குடைந்து தேர்ந்தெடுத்தது. "பழைய 3.9 மந்தம். 4.6 போட்டா சர்ருன்னு கெளம்பும், ஆனா நேர் ரோடு முடியறதுக்குள்ள இன்ஜின் மூச்சு வாங்கிடும். 4.3தான் கரெக்டு" என்று அவன் சொன்னபடி கோயம்புத்தூரில் செய்து வந்தது. 4.3 என்றால், சக்கரம் ஒரு சுற்றுக்கு இன்ஜின் பக்கத்து ஷாஃப்ட் 4.3 சுற்று. உள்ளே கிளட்ச் பிளேட்டுகளும் உண்டு. ஒரு டயர் வழுக்கினாலும் இன்னொன்று விடாமல் இழுக்க, இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ராத்திரி பட்டறைச் சாவி இருந்தது பகலவனிடம்.

7.15. தமீம் பாய் வியாசர்பாடிக்குப் போய், பகலவன் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி அவனைத் திருடன் என்றார். பதினோரு மணிக்குள் சாமான் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷன். பதினோரு வருடம் வேலை பார்த்தவனிடம் இப்படிப் பேச எப்படித்தான் மனசு வந்ததோ!

8.30. கன்னியம்மா வந்தார். துறைமுகத்துக்கு நான்கு டிரெய்லர் லாரி ஓட்டும் முதலாளி. டீசல் திருடர்களைப் பிடித்துப் பிடித்தே வடசென்னையில் பெயர் வாங்கியவர். நவ்ரீன்தான் கூப்பிட்டிருந்தாள். பகலவனையும் வரவழைத்திருந்தாள்.

"நேத்து இன்னா நடந்துச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"பன்னெண்டு மணிக்கு நான் ஓட்டிப் பாத்தேன் அக்கா," என்றாள் நவ்ரீன். "ரெண்டு டயரும் சேந்து இழுத்துச்சு. புதுசுதான், சந்தேகமே இல்ல."

"அப்புறம்?"

"ரெண்டு மணிக்கு மணலி புதுநகர்ல ஒரு விசேஷத்துக்குப் போய்ட்டேன்," என்றான் பகலவன். "ஆறரைக்கு வந்து பூட்டினேன். அவ்ளோதான் அக்கா."

"நீ பாய்?"

"ஜும்மா தொழுகை முடிச்சி அப்படியே கல்மண்டபம் பக்கம் வேலையா போய்ட்டேன். ஆறு மணிக்கு வந்தேன். ஷிபின் என் கண்ணு முன்னாடியே செக் பண்ணான். அப்ப புதுசு உள்ளதான் கீது."

ஷிபின் இன்னொரு மெக்கானிக். மூலையில் நின்று தலையாட்டினான்.

"எப்படி செக் பண்ணான்? பாத்தத அப்படியே சொல்லு."

"இடது பக்கம் மட்டும் ஜாக்கி போட்டான். டயர்ல சாக்பீஸ் கோடு. ஒரு கையால ரெண்டு சுத்து சுத்தினான். அடியில ஷாஃப்ட பாத்து, நாலே கால் சுத்துக்கு மேலன்னான்."

"வலது சக்கரம்?"

"தரைலதான்."

"லேசா சுத்துச்சா?"

"வெண்ணெய் மாதிரி."

கன்னியம்மா டீயைக் குடித்து முடித்தார். அவருக்கு எதற்கும் அவசரம் கிடையாது.

"பாய், நீயும் முப்பது வருஷமா தொழில்ல கீற. ஒத்த சக்கரத்த தூக்கி ரெண்டு சுத்து சுத்தி எண்றது சாதா வண்டிக்கு. அதுல ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு தனியா சுத்தும், ஆனா ஷாஃப்ட் பாதிதான் சுத்தும், அதான் ரெண்டு சுத்து. புதுசுல பிளேட்டு ரெண்டையும் சேத்துப் புடிச்சிக்கும். வலது தரைல நின்னா, இடது ஒரு கைக்கு அசையுமா? என் டிரெய்லர்ல லாக் போட்டா அதே கததான்."

தமீம் பாய் குனிந்து வலது சக்கரத்தைப் பார்த்தார்.

"அப்ப ஆறு மணிக்கே உள்ள இருந்தது பழசு. பகலவன் சாவிய வாங்கறதுக்கு முன்னாடியே சாமான் போயிடுச்சு. ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் இங்க தனியா இருந்தது யாரு? ஷிபின், நீதான்."

"நாலே கால் எண்ணினேனே அக்கா!"

"எண்ணல நைனா, சொன்ன. ஷாஃப்ட பாத்தது நீ ஒருத்தன்தானே? பாய நம்ப வைக்க சுத்திக் காட்டின. கைப்பழக்கம் மாட்டி வுட்டுடுச்சி."

ஷிபின் ஒப்புக்கொண்டான். நாளைக்கு இதே பந்தயத்தில் ஓடும் ராயபுரத்து ஆள் ஒருவன், இதைக் கழற்றிவிட்டால் தன் டீமில் சேர்த்துக்கொள்வதாக ஆசை காட்டினானாம். சாமான் ஷிபின் வீட்டில் இருந்தது.

10.20. சாமான் வந்து சேர்ந்தது. தமீம் பாய் பகலவன் கையைப் பிடித்தார்.

"தப்பா பேசிட்டேன்பா. மன்னிச்சிக்க."

பகலவன் கையை விடுவித்துக்கொண்டான்.

"இங்க அஞ்சு பேருதான் கீறோம் பாய். காலைல என் தெருவுல சொன்னீங்க. என் பொண்ணு வாசல்ல நின்னுகினு கேட்டுச்சு. அங்க வந்து சொல்லுங்க, அதே சத்தத்துல."

"மொதல்ல வண்டிய முடிச்சிட்டு..."

"இல்ல பாய். மொதல்ல அது."

தமீம் பாய் நவ்ரீனைப் பார்த்தார். மாட்டி முடிக்க நான்கு மணி நேரமாவது வேண்டும். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போய்ட்டு வாங்க பாய். நான் வெயிட் பண்றேன்."

தமீம் பாய் பைக்கைக் கிளப்பினார். பகலவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.