கதவைப் பிடித்திருந்தவள்

போர் முடிந்து மூன்று மாதம். வாவிக்கரையோரம் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தாதியாக மாற்றலாகி வந்த முதல் கிழமையே சுலோஜனா கண்ணகையைச் சந்தித்தாள்.

கண்ணகைக்கு நாற்பத்திரண்டு வயது. பார்த்தால் அறுபது. தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. பிரஷர் இருநூறைத் தொட்டது. வயிற்றெரிவு, ஓயாத கைநடுக்கம். சுனாமி இளைய மகனைக் கொண்டுபோயிற்று; பிறகு மூத்தவனைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பவில்லை. கடல் வந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காகப் படுத்ததே இல்லை.

"நாலரை வருசமா இந்த உடம்பு ஓடுறதுக்கு ஆயத்தமா நிக்குது. இப்பிடியே விட்டா இதயம் தாங்காது. முதல்ல நித்திரை கொள்ள வையுங்க," என்றார் டொக்டர்.

சுலோஜனா நித்திரைக் குளிசையை நீட்டியதும் கண்ணகை அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வேணாம் மிஸ்ஸி. நான் முழிச்சிருந்தாத்தான் அது கதவுக்கு அங்கால நிக்கும். நான் படுத்தா ஆரு கதவைப் புடிக்கிற?"

"நான் புடிக்கிறன் அக்கா. நீங்க படுங்க."

ஆறுதலுக்குச் சொன்ன சொல்தான்.

கண்ணகை அவளைப் பார்த்தபடியே குளிசையை விழுங்கினாள்.

உச்சிப் பொழுது. வார்ட்டில் வேறு நோயாளிகள் இல்லை. வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. கண்ணகையின் மூச்சு மெல்ல ஆழ்ந்தது, நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. பிரஷர் நூற்றிருபதுக்கு இறங்கியிருந்தது.

அப்போதுதான் சேற்று வாடை வந்தது.

சாத்தியிருந்த கதவை வெளியிலிருந்து எதுவோ தள்ளியது. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

"ஆரது?"

கதவுக்கடியால் தண்ணீர் கசிந்து அவள் பாதத்தை நனைத்தது.

சுலோஜனா முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்தினாள். அங்கிருந்து நகரவில்லை.

நாலு மணிக்குக் கண்ணகை கண் விழித்தாள். கதவோடு ஒட்டி நின்றவளைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. இரக்கம் வந்தது.

"நீங்க சொன்ன சொல்ல அது கேட்டுட்டுது, புள்ள," என்றாள் கிசுகிசுப்பாக.

மாரி தொடங்கும்போது கண்ணகையின் தலையில் புதுமயிர் அரும்பியிருந்தது. கைநடுக்கமும் நின்றுவிட்டது.

சுலோஜனாவுக்கு இருபத்தாறு வயது. பிரஷர் நூற்றெண்பது. லீவு எடுத்துக்கொண்டு, கடலும் வாவியும் எட்டாத தன் ஊரான உன்னிச்சைக்குப் போனாள். வீட்டார் எல்லோரும் வட்டைக்கு நெல் விதைப்புக்குப் போயிருந்தார்கள். கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

இம்முறை அது தள்ளவில்லை.

கல்யாணமே முடிக்காத அவளை, ஒரு சின்னப் பையனின் குரல் வெளியிலிருந்து கூப்பிட்டது.

"அம்மா, கதவைத் திறங்க."