ரப்பர் செடிக்கு எண்ணெய்க் குளியல்

செண்பகம் டீச்சரின் ரப்பர் செடி அம்சவள்ளியின் வீட்டுக்குள் வந்த அன்று, அவள் அப்பா வெளியே போக வேண்டியதாயிற்று.

விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்து ரயில்வே லைன் வீடுகளில் வீட்டுக்கு ஓர் அறைதான். செடியோ டீச்சரைவிட ஒரு சாண் உயரம். ஒவ்வோர் இலையும் அப்பாவின் உள்ளங்கையைவிடப் பெரிது. நடுவில் பச்சை, ஓரமெல்லாம் பாலாடை நிறம்.

"செடியம்மா உள்ள இருக்கட்டும். நான் வாசல்ல படுத்துக்கிறேன்" என்றார் அப்பா விருத்தாசலம். ரயில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் வேலை அவருக்கு.

பக்கத்து வீட்டு டீச்சர் திண்டிவனத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கே தங்கைக்குப் பிரசவம்.

"மண்ணைத் தொட்டுப் பாரு அம்சா. காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்து. வெளிச்சம் வேணும், வெயில் கூடாது. இலையில தூசி விழுந்தா துணியால துடைச்சிடு. அவ்ளோதான்."

வகுப்பில் நாற்பது பேர் இருக்க, டீச்சர் தன்னிடம் கொடுத்தாளே! அன்று முழுக்க அம்சவள்ளியின் கால் தரையில் படவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா அம்மணி அவள் தலையில் நல்லெண்ணெயைத் தேய்த்து, "ஒரு மணி நேரம் ஊறட்டும். அப்பதான் முடி பளபளன்னு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அம்சவள்ளி செடியைப் பார்த்தாள். பாவம், அதற்கு யார் தேய்த்து விடுவார்கள்? கிண்ணத்தை எடுத்தாள். முப்பத்திரண்டு இலைகளுக்கும் அழகாக எண்ணெய் தடவினாள்.

எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தாள். "யம்மாடி! இன்னா மினுக்கு மினுக்குது! கல்யாணப் பொண்ணு கணக்கா!"

அந்த மினுக்கு நான்கு நாள்தான். லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே கரி எஞ்சின்கள் போய்வந்தன. மற்ற நாளில் துடைத்தால் போய்விடும் கரித்தூள், எண்ணெயில் அப்படியே ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்தால் இன்னும் பரவியது. இலைகள் தோசைக்கல்லைப் போலக் கறுத்தன. எறும்பு வந்தது. ஓர் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. மறுநாள் இன்னொன்று.

"கண்ணு பட்டுடுச்சுடி. மிளகாய் சுத்திப் போடு" என்றாள் கோவிந்தம்மாள்.

'கல்யாணப் பொண்ணுன்னு சொன்னதே நீங்கதானே!' என்று நாக்கு நுனி வரை வந்ததை அம்சவள்ளி விழுங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை டீச்சரிடமிருந்து கார்டு வந்தது. ஞாயிறு காலை வருகிறாளாம்.

அம்சவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. கோவிந்தம்மாள் பார்த்தது மினுக்கைத்தான்; எண்ணெய் தடவியதை யாரும் பார்க்கவில்லை. எஞ்சின் புகை என்று சொல்லிவிடலாம். புகை ஊருக்கே பொது. யார் அவளைக் குறை சொல்வார்கள்? அந்த நினைப்பு சுகமாக இருந்தது. சுகமாக இருந்ததாலேயே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் மீண்டும் வெள்ளி. எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்திருந்தவளை அம்மா கூப்பிட்டாள்.

"ஊறினது போதும். ஜல்தி வா, சீயக்காய் தேய்க்கணும். எண்ணெயை வெச்சிக்கினே திரிஞ்சா அழுக்கு அடை அடையா ஒட்டும்."

அம்சவள்ளி அப்படியே நின்றுவிட்டாள். அய்யோ, செடி போன வெள்ளியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கிறதே!

ஆனால் சீயக்காய் கண்ணை எரிக்குமே, இலையை எரித்தால்? நீர்க்கக் கரைத்து, அடியில் இருந்த ஒரே ஓர் இலையை மட்டும் கழுவினாள். ராத்திரி முழுக்க அந்த இலையே நினைவு.

சனிக்கிழமை காலை அது வாடவில்லை. சுத்தமாக, பச்சையும் பாலாடையுமாகச் சிரித்தது.

தொட்டி மண்ணில் தண்ணீர் இறங்காமல் சாக்கால் மூடினாள். ஒவ்வோர் இலையையும் கையில் தாங்கி, சீயக்காய்த் தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் இருமுறை அலசினாள்.

அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "தலை துவட்டி சாம்பிராணியும் போட்டுடவா?"

"வேணாம்மா. அது பார்த்த புகையே போதும்."

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்ததும் செடியைத்தான் பார்த்தாள். "அட, நல்லா வெச்சிருக்கியே!"

அத்தோடு விட்டிருக்கலாம். அம்சவள்ளி விடவில்லை.

"ரெண்டு இலை உதிர்ந்துடுச்சு டீச்சர். என்னாலதான்."

எண்ணெய், கரி, சீயக்காய் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அம்சவள்ளி பயந்துபோய்ப் பார்த்தாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சீயக்காயா! ஒரு மாசமா கடையில எனக்கே அது கிடைக்கலடி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் கீழே உட்கார்ந்தாள். "முதல்ல கழுவிப் பார்த்த இலை எது?" காட்டியதும் அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தங்கச்சிக்கு இன்னும் உடம்பு தேறல. புதன்கிழமை மறுபடி போகணும்" என்றாள். "இந்தத் தடவை செடி என் வீட்லயே இருக்கட்டும். நீ வந்து பார்த்துக்கோ."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, வீட்டுச் சாவியை எடுத்து அம்சவள்ளியின் கையில் வைத்தாள்.

அம்சவள்ளி அதைப் பாவாடை நாடாவில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டாள். நடக்கும்போதெல்லாம் சாவி தொடையில் இடித்தது. அது இடிக்க வேண்டும் என்றே தெருக்கோடி வரை ஒரு நடை போய்வந்தாள்.