சலூன் கண்ணாடியில் ஒன்பது அட்டைகள்

பசைக்கை என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். சலூன்காரரின் மகள். ஐந்தாம் வகுப்பு. அவளோடு கைகுலுக்கினால் உங்கள் கையில் ஒரு துண்டு வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டு வரும்.

கீழே சலூன், மேலே அவர்கள் வீடு. எதிர்வீடு எங்களுடையது. அவர்கள் வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஜன்னல் என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

பசைக்கையின் உயிர்த்தோழி சோடாபுட்டி. தடித்த கண்ணாடி போட்டவள். அவள் அப்பாவுக்கு வேலை மாற்றலாகி, குடும்பமே தூரத்து ஊருக்குப் போய்விட்டது. போகும் முன் இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்.

"போன்ல பேசக்கூடாது. கார்டுதான். அதுவும் நாமே செஞ்ச கார்டு."

"நீ முதல்ல போடு. உன்னோடது வந்ததும் நான் போடுறேன்" என்றாள் சோடாபுட்டி.

பசைக்கை வேலையில் இறங்கினாள். பிஸ்கட் டப்பா அட்டையை அளவாக வெட்டினாள். பழைய நாட்காட்டித் தாள், பஸ் டிக்கெட், காய்ந்த இலை எல்லாவற்றையும் ஒட்டி, ஒரு வாரம் யானை, ஒரு வாரம் மழை, ஒரு வாரம் மூக்கில் கண்ணாடியோடு ஓர் ஆந்தை என்று செய்தாள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

பின்பக்கம் இடது பாதியில் கதை எழுதுவாள். வலது பாதியில் சோடாபுட்டியின் விலாசத்தைச் சின்னதாக, ஓரமாக எழுதுவாள். நடுவில் பெரிய பூச்சட்டம். அதற்குள் கொட்டை எழுத்தில் தன் விலாசம். ஏனென்றால் சோடாபுட்டி எதையும் தொலைப்பாள். கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுவாள். விலாசத்தை மட்டும் விட்டுவைப்பாளா?

வாரம் ஒன்று. ஒன்பது வாரம், ஒன்பது அட்டை. பதில் ஒன்றுகூட வரவில்லை.

"புது ஊர்ல புது ஃப்ரெண்ட் கிடைச்சிருப்பா" என்றார் அவள் அம்மா, துணி மடித்துக்கொண்டே. சும்மா சொன்னதுதான். பசைக்கைக்குச் சுருக்கென்று தைத்தது.

பத்தாவது அட்டையைக் கறுப்புச் செருப்புப் பெட்டியில் வெட்டினாள். ஒரு மூடிய கதவை வரைந்தாள். பின்பக்கம் இரண்டே வரி.

'இனிமே நீ எனக்கு ஃப்ரெண்ட் இல்லை. பதில் போடாதே.'

பதில் வேண்டாம் என்றவளுக்குத் தன் விலாசம் எதற்கு? பூச்சட்டமும் இல்லை. சோடாபுட்டியின் விலாசம் மட்டும் தனியாக நின்றது.

ஒரு வாரம் கழித்து அம்மாவின் போன் அடித்தது. சோடாபுட்டியின் அம்மா.

"என்னங்க இது? மூணு மாசமா தினம் வாசல்ல உட்கார்ந்து கார்டு வருமான்னு பார்த்தா எங்க பொண்ணு. வந்ததே ஒண்ணுதான். அதுல இப்படியா எழுதறது? நேத்துலேர்ந்து சாப்பிடலை."

போனில் காது வைத்துக் கேட்ட பசைக்கைக்கு முகம் வெளுத்தது. "ஒண்ணுதானா? ஒன்பது போட்டேன்மா!"

படியில் தடதடவென்று இறங்கினாள். தெருமுனையில் தபால்காரரின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் கார்டெல்லாம் எங்க மாமா?"

"எங்கயா? வாராவாரம் உங்க கடையில குடுக்கறேனே! உங்க விலாசம்தானே போட்டிருக்கு, பூவெல்லாம் வரைஞ்சு?"

"அது என் விலாசம்! அனுப்புறது அவளுக்கு!"

தபால்காரர் தலையைச் சொறிந்தார். "அட பாப்பா, அங்க தபாலைப் பிரிக்கறது மெஷின். பெருசா, நடுவுல எது இருக்கோ அதைத்தான் படிக்கும். நானும் கவனிக்கலை, போ."

பாசமாக எழுதிய ஒன்பதும் திரும்பிவிட்டன. கோபமாக எழுதிய ஒன்று மட்டும் சமர்த்தாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சலூனுக்குள் பசைக்கை கால் வைத்தே மூன்று மாதம் ஆகிறது. வகுப்புப் புகைப்படத்துக்கு முந்தின நாள் அப்பா அவள் நெற்றி முடியைக் கோணலாக வெட்டிவிட்டார். அந்தக் கோபம். தபால்காரர் சொன்னதைக் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள், அப்படியே நின்றாள்.

பெரிய கண்ணாடியைச் சுற்றி ஒன்பது அட்டைகள். யானை, மழை, ஆந்தை... வரிசையாக, நேராக, டேப் போட்டு ஒட்டியிருந்தன.

நாற்காலியில் பாதி முகம் சோப்பு நுரையோடு ஒருவர் சிரித்தார். "நீதானா அந்தப் பொண்ணு? உங்கப்பா அலட்டல் தாங்கலைம்மா. என் பொண்ணு எனக்குத் தபால்ல கார்டு போடுறான்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்றாரு."

அப்பா வெட்கப்பட்டார். "நீ ஒண்ணும் சொல்லலையா, நானும் கேட்கலை. கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் ஓர் அட்டையைக்கூடத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை. முன்பக்கமே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அவை அவருக்கு எழுதியவை இல்லை என்று சொல்ல வந்த பசைக்கை, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இதெல்லாம் சோடாபுட்டிக்கும் காட்டணும். அனுப்பட்டுமா?"

"அதுக்கென்ன? இரு, நானே எடுத்துத் தரேன். ஓரம் கிழியக்கூடாது."

சவரக்கத்தியின் முனையால் டேப்பை மெதுவாகக் கீறி எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆந்தை மட்டும் அவர் கையிலிருந்து நழுவித் தலைகீழாக விழுந்தது. குனிந்து எடுத்தார்.

'அன்புள்ள சோடாபுட்டிக்கு...'

அந்த வரியை ஒரு முறை படித்தார். மீதி அட்டைகளையும் அதே நிதானத்தோடு எடுத்து, முடித் துணுக்குகளை ஊதித் தட்டி, அடுக்கிக் கொடுத்தார். கண்ணாடியைச் சுற்றி டேப் தடம் மட்டும் மிச்சம்.

"நுரை காயுதுங்க" என்றார் நாற்காலிக்காரர். அந்த மனிதருக்கு நேரம் காலமே தெரியாது.

அன்று மாலை ஒன்பது அட்டைகளையும் ஓர் உறையில் போட்டாள் பசைக்கை. மேலே ஒரே விலாசம், நட்ட நடுவில். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு:

'முத்திரையில் தேதியைப் பார். ஒன்பதும் மெஷின் செய்த தப்பு இல்லை, நான் விலாசம் எழுதிய தப்பு. பத்தாவது கார்டு தெரியாம நடந்த தப்பு இல்லை. அதை நான் வேணும்னே எழுதினேன். அதுக்குத்தான் மன்னிப்பு.'

பிறகு இன்னோர் அட்டையை வெட்டினாள்.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. கடையில் வாங்கிய அட்டை. கையால் செய்ததல்ல.

'ஒன்பதும் வந்தது. ஆந்தை நல்லா இருக்கு. பத்தாவதையும் வெச்சிருக்கேன்.'

கீழே சோடாபுட்டி என்று போடவில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிடும் நிஜப் பெயரைப் போட்டிருந்தாள். பசைக்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் எழுந்து, பிஸ்கட் டப்பாவைத் தேடினாள். அடுத்த வாரத்து அட்டை அடுத்த வாரம் போகத்தானே வேண்டும்?

அதற்கு முன்பே அப்பாவுக்கான அட்டை சலூனுக்கு வந்திருந்தது. தபால்பெட்டி கடை வாசலிலேயே இருக்கிறது. ஆனாலும் ஊரெல்லாம் சுற்றி வர நான்கு நாள் ஆயிற்று. கோணல் நெற்றி முடியோடு ஒரு சிறுமியின் படம்.

இந்த முறை அப்பா முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். பிறகு படம் கண்ணாடிப் பக்கம் போக, எழுத்து வெளியே தெரிய ஒட்டினார். முடி வெட்ட வருகிற எல்லோரும் படிக்கிறார்கள். நானும் படித்தேன்.

கடை விலாசத்துக்கு மேலே, 'அப்பாவுக்கு' என்று பெரிதாக, நட்ட நடுவில்.