கொடிக்கூடத்துச் சிவப்பு

வெள்ளிக்கிழமை மாலையானால் மேல்தளத்துக் கடைவீதியில் வரிசை நீண்டுவிடும். ஆளுக்கொரு பாட்டில், சிலர் கையில் பழைய தண்ணீர்க் குடுவை. புதிய தொட்டி திறக்கும் நாள் அது. நிலத்துக்கடியில் இருந்த கம்பம் அடிநகரில் சிவப்பு என்று சொன்னாலே போதும், கொடிக்கூடத்துத் திராட்சை ஒயின் என்று எல்லோருக்கும் புரியும். ஒரு தேநீர் விலைக்கு ஒரு கிளாஸ். நாக்கில் கொஞ்சம் புளிப்பு, தொண்டையில் லேசான துவர்ப்பு. வேலை முடிந்து வந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு மெல்ல உறிஞ்சுவதற்குத் தோதானது. கீழ்த்தளங்களில் வசிப்பவர்கள் ஆய்வகத்தில் மூலக்கூறு மூலக்கூறாகக் கோத்த ஒயினைக் குடித்தார்கள். அதன் விலையை மேல்தளத்தில் யாரும் விசாரித்ததுகூட இல்லை.

குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு வழக்கம் இருந்தது. கடைக்காரர் ஜக்கையனும் கொடிக்கூடப் பொறுப்பாளர் ரோசலினும் வரிசைக்கு எதிரே நின்று முதல் கிளாஸைக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு இருவரும் "அதேதான்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மேல்தளத்தில் ஓர் ஒயினுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அன்று ஜக்கையன் ஒரு வாய் உறிஞ்சினார். கிளாஸை இறக்கினார். ரோசலினைப் பார்த்தார்.

அவளும் உறிஞ்சினாள். புளிப்பு இருந்தது, துவர்ப்பும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஈரமாக, குளிர்ச்சியாக, மண் மணத்தோடு. ஆனால் கொடிக்கூடத்து மண்ணை அவள் தினமும் முகர்பவள். அது ஒருநாளும் இப்படி மணந்ததில்லை.

"தாயி, எனக்கு மட்டுந்தான் இப்படி இருக்கா?" ஜக்கையன் குரலைத் தாழ்த்தினார்.

"இல்லண்ணே. எனக்கும்."

"அதேதான்னு சொல்லிட்டுப் போயிருவமா? சனம் பாக்குது."

"அந்தக் காலத்துல அப்படிச் சொன்னவங்கதான் முதல்ல செத்தாங்க."

அது நகரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நிலத்துக்கு மேலே மழை நஞ்சாகி மூன்று தலைமுறை ஆகிறது. சூரியன் இலவசம் என்பதால் கொடிக்கூடத்தை மட்டும் நிலமட்டத்தில் தடித்த கண்ணாடிக் கூரையின் கீழ் அமைத்திருந்தார்கள். சிவப்பு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமும் அதுவே. ஒருமுறை கூரை கசிந்தது. ஒயினின் சுவை மாறியது. பரவாயில்லை என்று குடித்த தெருவில் பாதிப் பேர் மிஞ்சவில்லை. அதன்பின் நகர மன்றம் சட்டம் போட்டது: சுவை மாறினால் கூடத்தை மூடிக் கொடிகளை எரித்துவிட வேண்டும்.

"என்ன ஜக்கையண்ணே, உங்க ரெண்டு பேருக்கே தொட்டி காலியாயிரும் போல!" வரிசையிலிருந்து லிஃப்ட் ஓட்டும் பர்வீன் சத்தம் போட்டாள்.

"குழாய்ல அடைப்பு. செத்த பொறு, நாக்கு ஒண்ணும் உதிர்ந்து போயிறாது."

ரோசலின் நச்சுமானியின் முனையைக் கிளாஸுக்குள் விட்டாள். பூஜ்யம். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி விட்டாள். பூஜ்யம். கொடிக்கூடத்துக்குப் படியேறினாள்.

கடைசி வரிசையில், கண்ணாடிகள் சேரும் இடத்தில் நூலளவு விரிசல். அதன் நுனியில் ஒரு துளி பருத்து, நடுங்கி, இலைமேல் விழுந்தது. அடுத்தது பருக்கத் தொடங்கியது. கொடியின் அடித்தண்டில் பாசி படர்ந்திருந்தது; ஒரு பருவத்துக்கு மேல் வயதான பாசி. விரிசலை ஒட்டியே நச்சு எச்சரிப்பான் பச்சை விளக்குடன் அமைதியாக இருந்தது. துளியை நச்சுமானியில் ஏந்தினாள். பூஜ்யம்.

நஞ்சு வந்தால் அலற வேண்டும் என்று அந்த எச்சரிப்பானுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். நஞ்சு நீங்கினால் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மழை எப்போதோ நல்லதாகியிருந்தது. அதைக் கருவிக்கு முன்னால் திராட்சை சொல்லிவிட்டது.

கீழே வந்து ஜக்கையனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"மன்றத்துக்குச் சொல்லணுமே தாயி."

"சொன்னா ராத்திரிக்குள்ள கொடியை எரிச்சு, விரிசலையும் பூசிருவாங்க. ஒத்தக் கருவி காட்டுனதை யாரு நம்புவா?"

"அப்ப மறைச்சிருவமா?"

"மறைச்சா நாம இங்கயேதான் கெடந்து சாகணும்ணே. குழாயைத் திறங்க."

அவள் வரிசையைப் பார்த்து நின்றாள். "இது வேற. இதுல மழை கலந்திருக்கு. நஞ்சு இல்ல, அளந்து பாத்துட்டேன். பயமா இருக்கவங்க குடிக்க வேண்டாம்." சொல்லிவிட்டுத் தன் கிளாஸை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

சிலர் விலகி நின்றார்கள். தாய் ஒருத்தி மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பர்வீன்தான் முதலில் வந்தாள். "மழையா? ஊத்துங்கண்ணே, அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துருவோம்." குடித்தாள். கண்ணை மூடி நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் கிளாஸை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

கீழ்த்தளத்து ஒயினில் இது நடந்திருந்தால் பத்துப் பேர் அறிந்திருப்பார்கள், அந்தப் பத்துப் பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார்கள். இது சிவப்பு. ஒரு மணி நேரத்தில் நானூறு நாக்குகளுக்குச் செய்தி போய்விட்டது. இனி எந்த மன்றமும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

மன்றம் அனுப்பிய காவலர் இருவர் எரிகருவிகளோடு வந்தபோது கடைவீதியில் ஆளில்லை. படிகளிலும் கொடிக்கூடத்திலும் நகரமே நெருக்கியடித்து நின்றது. யாரோ காவலர்கள் கையிலும் கிளாஸைக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கருவிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்து, மற்றவர்களைப் போலவே அவர்களும் அண்ணாந்தார்கள். கூரைக்கு மேலே மழை சடசடவென்று இரைந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் கேட்டால் குழந்தைகளின் காதைப் பொத்துவார்கள்.

ஜக்கையன் விரிசலுக்கு நேர்கீழே நின்றார். ஒரு துளி அவர் நெற்றியில் விழுந்து மூக்கோரமாக இறங்கியது. துடைக்கத் தூக்கிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"தாயி, வெளிய போனா என்ன செய்யணும்?"

ரோசலின் விரிசலை அண்ணாந்து பார்த்தாள். அதைச் சொல்லித்தர அந்த நகரில் ஒருவரும் இல்லை.

"தெரியலண்ணே," என்றாள். "நனையணும்."