அடுத்த மூன்று மணி நேரத்துக்கு

குடை நனைந்திருந்தது. அவள் முதலில் பார்த்தது அதை மட்டும்தான்.

காலை எட்டரை மணி வெயில் வானிலை அலுவலகத்தின் படிகளை அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. தீவில் ஐந்து நாளாகப் பொட்டு மழை இல்லை. கடலிலிருந்து வந்த காற்றில்கூட உப்பும் தூசியும்தான் இருந்தன. அப்படிப்பட்ட காலையில், கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த நீலக் குடையின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு அகலத்துக்குத் தேங்கி நின்றது.

குடை புதியவளுடையது. நான்கு மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்தவள். உள்ளே ரேடார் திரைக்கு முன் உட்கார்ந்து, ஈரப் பின்னலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குடை ஏன் நனைஞ்சிருக்கு?" என்று அவள் கேட்டாள்.

புதியவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கழுவினேன்க்கா."

குடையை யார் கழுவுவார்கள்? அதைக் கேட்பதற்குள் புதியவள் ஒன்பது மணி அறிக்கையை எழுதி மேசை மேல் வைத்துவிட்டாள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உள்ளூர் நிலவரம்: துறைமுகத்திலும் கிழக்குக் கரையிலும் பத்தே முக்காலுக்குப் பலத்த மழை, இருபது நிமிடம் நீடிக்கும்.

ரேடார் திரை துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. மேகத்தின் நிழல்கூட இல்லை.

பத்தே முக்காலுக்கு மழை வந்தது. அலுவலகக் கூரைத் தகடு அதிர்ந்த சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று ஐந்துக்கு, யாரோ குழாயைத் திருகியது போல, நின்றது.

இருபத்தோரு வருடம் அவள் இந்த வேலையில் இருக்கிறாள். காற்று திசை மாறுவதைக் கன்னத்தில் உணர்ந்து சொல்வாள். ஆனாலும் தீவின் வானம் யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. பத்துக்கு ஆறு சரியாக வந்தால் பெரிய விஷயம், ஏழு வந்தால் அதிர்ஷ்டம். புதியவளுக்குப் பத்துக்குப் பத்து. நான்கு மாதத்தில் ஒன்றுகூடத் தவறவில்லை. இப்போதெல்லாம் சலவைக் கடைக்காரரிலிருந்து பள்ளி விளையாட்டு ஆசிரியர் வரை யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும், "அந்த மழைப்பொண்ணு இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

தலைமை அலுவலருக்கு பலூன் சார் என்று பெயர். தினமும் வானிலை பலூனைத் தன் கையாலேயே பறக்கவிடுவார், வயிறும் அதே வடிவம். அவர் அன்று மதியம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு எப்படிப் பண்ணுதுன்னு பக்கத்துல உக்காந்து கொஞ்சம் கத்துக்கோங்க. இதுல என்ன கௌரவம்?"

அவளுக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே, மார்புக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு, தணல் வைத்தாற்போல.

அதைக்கூடத் தாங்கியிருப்பாள். தாங்க முடியாதது வீட்டில் நடந்தது. அவள் கணவன் தீவுக்கும் நான்கு மணி நேரத் தொலைவிலிருந்த அக்கரைக்கும் போய்வரும் பயணிகள் படகின் ஓட்டுநர். கல்யாணமான பதினாறு வருடமும் தினமும் காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "என்ன, இன்னைக்கு மழையா வெயிலா?" என்று அவளிடம் கேட்பான். அவர்களுக்குள் கொஞ்சல் என்று இருந்தது அது ஒன்றுதான். மறுநாள் காலை அதே பொத்தானைப் போட்டுக்கொண்டு அவன் கேட்டான்:

"அந்தப் பொண்ணு இன்னைக்கு என்ன சொல்லுது?"

அவள் சட்டையின் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அன்றிலிருந்து புதியவளைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அறிக்கைக்கும் அரை மணி முன்னால் புதியவள் எழுந்துபோவாள். "மாத்திரை போடணும்க்கா" என்பாள். அலுவலக வளாகத்தின் பின்பக்கம் ஊழியர் குடியிருப்பு. கடைசி வீடு அவளுடையது. பத்து நிமிடத்தில் திரும்புவாள். சில நாள் காய்ந்த தலையோடு. சில நாள் ஈரத் தலையோடு.

ஒரு பிற்பகல் அவளும் பின்னாலேயே போனாள்.

குடியிருப்பின் நடைபாதையில் கொடிகளில் துணி மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. கடைசி வீட்டின் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கதவுக்கு முன் நின்றபோது முதலில் வந்தது வாசனை: புழுதியில் முதல் மழை விழும்போது கிளம்புமே, அந்த வாசனை. பிறகு சத்தம். மெல்லிய, சீரான, நிற்காத சத்தம். குளியலறையில் குழாயைத் திறந்து விட்டிருக்கிறாள் என்று நினைத்தாள். கதவைத் தள்ளினாள்.

அறைக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

கூரை ஒழுகவில்லை. வெள்ளையடித்த கூரை பூராவும் காய்ந்து கிடந்தது. அதற்கு ஒரு முழம் கீழே, எதுவும் இல்லாத இடத்திலிருந்து, சாய்வாக, தென்மேற்குக் காற்றோடு பெய்யும் மழை மாதிரி சாய்வாக, கம்பி கம்பியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலின் நடுவில் நீலக் குடையைப் பிடித்துக்கொண்டு புதியவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. கண் கைக்கடிகாரத்தில்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. நெடுநாள் எதிர்பார்த்த விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வெளிய வரப்போறது மூணு மணி நேரம் முன்னாடியே இங்க வந்துடும்க்கா" என்றாள். "நான் தனியா இருந்தா மட்டும்தான் ஆரம்பிக்கும். கதவைச் சாத்திட்டுப் போயிட்டா அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும். மேல விழுந்தது மட்டும்தான் காயாது."

அவள் பயந்திருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"இது உனக்கு எப்படிக் கிடைச்சது?"

"எனக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட இருந்தது. அவரைப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சேன். வந்துடுச்சு." குடையை மடக்கினாள், மழை அவள் முகத்தில் வழிந்தது. "எனக்கு இது போதும்க்கா. உங்களுக்கு வேணுமா?"

"ஏன் போதும்ங்கிற?"

புதியவள் நனைந்த படுக்கை விரிப்பைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"வேணும்" என்றாள் அவள்.

நான்காம் நாள் காலை, கணவன் படகுக்குப் போனபின், அவள் படுக்கையறையில் நின்றபோது புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்த சொட்டு. அடுத்தது நெற்றியில். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பெண் போலச் சிரித்தாள்.

அதன் பிறகு மூன்று வாரம். அறிக்கைக்கு முன் ஸ்கூட்டரில் ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்ப் படுக்கையறைக் கதவைத் திறப்பாள். தூறல். காற்று. ஒரு நாள் அறை முழுக்கக் கண்ணைக் கூசவைக்கும் வெயில். எழுதினாள், எழுதியது நடந்தது. புதியவளின் அறிக்கைகள் மற்றவர்களுடையதைப் போலவே பத்துக்கு ஆறு ஆயின. பலூன் சார் அவள் மேசைக்கு வந்து, "என்ன மேடம், ஒரே போடா போடறீங்க!" என்றார். கணவன் பொத்தானைப் போட்டுக்கொண்டே மறுபடி கேட்டான், "என்ன, இன்னைக்கு மழையா வெயிலா?" என்று.

புதியவள் மட்டும் வருத்தப்படவே இல்லை. தலை காய்ந்து, முகம் தெளிந்து, இரண்டு சுற்று சதை போட்டிருந்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தோற்றவள் தோற்றவள் மாதிரி இருக்க வேண்டாமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காலைப் பணி. ஆறு மணி அறிக்கையை ரேடாரைப் பார்த்துத்தான் எழுதினாள். கணவன் வீட்டில் தூங்கும்போது அறைக்கு எதுவும் வராது. தெளிவான வானம், அமைதியான கடல். எட்டு மணிப் படகு கிளம்பும் சங்கு அலுவலகம் வரை கேட்டது. எட்டரைக்கு, ஒன்பது மணி அறிக்கைக்காக, வீட்டுக்கு வந்தாள்.

தெருவில் வெயில் வெள்ளையாக அடித்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு பூனை நீட்டிப் படுத்திருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, நின்றாள்.

சத்தமே இல்லை. மழை இருந்தால் மழைச் சத்தம் வரும், காற்று இருந்தால் ஜன்னல் அடிக்கும், வெயில் என்றால் தெருவின் சத்தமாவது வரும். இது அப்படியல்ல. காதுக்குள் பஞ்சு வைத்து அடைத்தது போன்ற, உள்ளேயிருந்து அழுத்துகிற அமைதி. சமையலறைக் கடிகாரம் ஓடுவது தெரிந்தது, கேட்கவில்லை. பாசியின் வாசனை வந்தது. டீசல் வாசனையும். படுக்கையறைக் கதவின் நான்கு ஓரங்களிலும் பச்சையாக ஒரு வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள்.

தண்ணீர்.

தரையிலிருந்து கூரை வரை. நிலைப்படியில் கண்ணாடி வைத்தது போல நின்றது. ஒரு சொட்டு இந்தப் பக்கம் சிந்தவில்லை. உள்ளே ஜன்னல் திரை மேல்நோக்கி, மெதுவாக, கூந்தல் மாதிரி அலைந்தது. அலமாரிக் கதவு திறந்து மூடியது. திறந்து மூடியது.

கட்டிலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

ஒருவன் அவள் கணவன். விடிவதற்கு முன் அவள் தேய்த்து வைத்துவிட்டுப் போன வெள்ளைச் சட்டை. கண் திறந்திருந்தது. அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் தோளில் முகம் பதித்து, அவளுடைய தலையணையில் தலை வைத்து, புதியவள். அவிழ்ந்த பின்னல் இருவர் கழுத்தையும் சுற்றிக் கிடந்தது.

அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. வயிற்றில் அந்தத் தணல். என் கட்டில். என் தலையணை.

பிறகுதான் போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். எஞ்சின் சத்தம். காற்று. பின்னால் யாரோ சிரித்தார்கள். "என்ன, இந்நேரத்துல? கடல் கண்ணாடி மாதிரி இருக்கு. நீ சொன்னா சொன்னதுதான்!"

"எங்க இருக்கீங்க?"

"கரை தாண்டி அரை மணி ஆச்சு. உங்க ஆபீஸ் பொண்ணுகூட இங்கதான் இருக்கு. லீவுல ஊருக்குப் போகுதாம். மேல, என் பக்கத்துலதான் நிக்குது."

படகைத் திருப்புங்க. அதைத்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் போன் செய்தாள்.

"அவ ஏன் உங்க பக்கத்துல நிக்கறா?"

"என்னது?"

"கீழ அவ்வளவு இடம் இருக்கே. அவளுக்கு அங்க என்ன வேலை?"

அவன் சிரித்தான். போனில் சிரிப்புக் கேட்டது. கட்டிலில் அவன் வாய் திறந்தது. குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, கூரையை நோக்கி மேலே போயின.

அவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள். "ஏங்க... திருப்புங்க. படகைத் திருப்புங்க. இப்பவே. திரும்பி வாங்க!"

"ஒண்ணும் கேக்கல. சிக்னல் விட்டு விட்டு வருது. இரு, இந்தப் பொண்ணு உன்கூடப் பேசணுமாம்."

தண்ணீருக்குள் அவன் கை அசைந்தது. வெளுத்து ஊறிய விரல்கள். கை மெதுவாக நகர்ந்து புதியவளின் காது வரை போய், அங்கேயே நின்றது.

எஞ்சின் சத்தம். காற்று. ஒரு மூச்சு.

தலையணையில் அந்த முகம் அவன் தோளிலிருந்து திரும்பியது. நிலைப்படியில் உட்கார்ந்திருந்தவளை நேராகப் பார்த்தது. உதடுகள் பிரிந்தன, ஒரே ஒரு குமிழி வெளிவந்து மேலே போயிற்று.

"அக்கா" என்றது போனில் குரல், மற்றவருக்குக் கேட்காதபடி தணிந்து. "இன்னைக்கு உங்க அறைக்குள்ள என்னக்கா வந்துச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே கட்டிலில் கணவனின் முகமும் திரும்பியது. ஒரே தலையணையில், கன்னத்தோடு கன்னமாக, இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்கள்.