தூசிப் படலத்தின் தொலைவு

நானூற்றுப் பன்னிரண்டு விண்மீன்கள் இருந்தாக வேண்டிய கட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

அகச்சிவப்பில், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரில், வானத்தின் எந்தக் கட்டத்தில் எத்தனை விண்மீன்கள் தெரியும் என்று கணிக்கும் மாதிரியைப் பதினோராண்டுகள் முயன்று உருவாக்கியவர் பேராசிரியர் வெங்கட்ராகவன். அன்று மாலை ஐந்து மணிக்குள் அதைப் பற்றிய கட்டுரை இதழுக்குப் போய்ச் சேராவிட்டால் துறைத்தலைவர் பதவி கைநழுவிவிடும். நீடாமங்கலத்துக்கு வெளியே, அறுப்பு முடிந்து வெடித்துக் கிடந்த வயல்களின் நடுவிலிருந்த அந்த ஆய்வறையில் சித்திரை நண்பகலின் புழுக்கமும் வைக்கோலின் நெடியும் மின்விசிறியின் முனகலும் ஒன்றாகக் கலந்து நின்றன.

"நடுவுல ஒரு தூசிப் படலத்தைப் போட்டு விடுங்க" என்றார். எண்ணிக்கை குறைந்தால் தூசியின்மேல் பழி போட்டுக் கணக்கை நேராக்குவது அத்துறையின் வழக்கம்.

உடன் ஆய்வாளர் வானதி தயங்கினாள். "தூசின்னா சாதாரண வெளிச்சத்தைத்தான் சார் முதல்ல மறைக்கும். இங்க கண்ணுக்குத் தெரியறதெல்லாம் அப்படியே இருக்கு. வெப்பம் மட்டும்தான் வந்து சேரல."

"உங்களுக்கு டாக்டர் பட்டம் யாரு குடுத்தாங்க? லாட்டரியில விழுந்துதா?"

அவரே விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். மறைக்கும் படலம் எவ்வளவு தொலைவில் இருந்தால் கணக்குப் பொருந்தும் என்று கணினி தேடியது. முப்பது ஒளியாண்டு. பொருத்தம் போதவில்லை. மீண்டும் ஓட்டினார். நிலவின் தொலைவு. மீண்டும். மழைமேகத்தின் உயரம். தொலைவு குறையக் குறையப் பொருத்தம் கூடியது.

"நிறுத்திடுங்க சார். நீங்க ஓட்ட ஓட்ட அது கிட்ட வருது."

"பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் வானம் எதுக்கு? போய்ச் சமையல் வகுப்பு எடுங்க."

வானதி வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். பேராசிரியருக்கு அச்சிடத்தக்க ஓர் எண் வேண்டும். அவருக்கு வேறெதுவும் வேண்டாம். மீண்டும் ஓட்டினார்.

தென்னை மரத்தின் உயரம்.

கூரையின் உயரம்.

மின்விசிறியின் முனகல் தேய்ந்து, வேறெதுவோ முனகுவதுபோல் கேட்டது. சன்னல் வெயில் மேசைமேல் பளீரென்று விழுந்திருந்தது. அவருடைய கைமேலும்தான். சுடவில்லை.

கையை நகர்த்தினார். அங்கும் சுடவில்லை. கழுத்தில் வியர்வை உறைந்தது. நகங்கள் நீலம் பாரித்தன. வாசலில் வானதிக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

எழ முயன்றார். முடியவில்லை.

திரையில் புதிய எண். ஒரு சாண். பொருத்தம் முழுமை.

கத்துவதற்காக வாயைத் திறந்தார். மார்கழி விடியலில் வருவதுபோல் வெண்மையாக மூச்சு வெளிவந்தது. அது கலையவில்லை. முகத்துக்கு நேரெதிரே, வெறும் வெயிலில், ஏதோ ஒன்று அதை மெல்ல, மிச்சமின்றி உள்ளிழுத்துக்கொண்டது.