வெர்னாவின் காப்பி டின்

போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு வெர்னா டாகெட் மேபெலின் சாப்பாட்டுக் கடைக்குள் வந்தபோது, ஓய்வுபெற்ற வேட்டைக் காவலர் ஆர்வில் டென்னி முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார்.

"அப்பா குடுத்த லீவர் துப்பாக்கி, லீவரை இழுத்து இழுத்துச் சுடுறது. போட்டிக்கு வர்ற கிராடிக்கு இன்னிக்கு வித்துடப் போறேன். அதுக்கு முன்னால நீங்க ஒருதரம் பாத்துடுங்க," என்றாள். கண் சிவந்திருந்தது.

எங்கள் மாண்டானா பள்ளத்தாக்கில் சனிக்கிழமைத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் மூன்று வருடமாக அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு முன் பதினோரு வருடம் ஜெயித்தவன் அவள் கணவன் எல்டன். இப்போது மூன்று வாரமாக அவள் குண்டுகள் பக்கவாட்டில் புரண்டு, குறி அட்டையைக் கோணலாகக் கிழித்தன.

"குழல் தேஞ்சுபோச்சு, வித்துடுன்னு எல்டன் சொல்றான். புதுசா வார்த்த குண்டும் அப்படியேதான் போகுது. இத்தனைக்கும் இந்தத் தடவை குண்டைத் தோட்டாக் கூட்டுல செருகும்போது அழுத்தவே வேண்டியிருக்கல. கை பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

மேபெலுக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். "கிராடி வேலைதான். நாலு வருஷமா இந்தத் துப்பாக்கி மேல கண்ணு அவனுக்கு," என்று ஏப்ரனைக் கழற்றினாள்.

"மொதல்ல அளந்து பாப்போம், மேபெல்," என்றார் ஆர்வில்.

மூவரும் போனபோது வெர்னாவின் கொட்டகையில் எல்டன் இருந்தான். துப்பாக்கியை வாங்கிப்போக கிராடியும் வந்திருந்தான். வெர்னா வார்த்த குண்டுகளைப் போட்டுவைக்கும் காப்பி டின்னை, பிஸ்கட் என்ற அவள் நாய் நக்கிக்கொண்டிருந்தது. "ஈயம்டா, சனியனே. மூணு வாரமா இதே வேலை," என்று வெர்னா அதை விரட்டினாள்.

ஆர்வில் குழலில் எண்ணெய் விட்டு, மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் கோலால் தட்டி மறுமுனைக்குத் தள்ளினார். குழலின் அச்சு ஈயத்தில் பதிந்து வந்தது. அதை அளந்தார்.

"அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா அதுல முந்நூத்திப் பத்து பங்கு. பழைய குழல், கொஞ்சம் அகலம். ஆனா தேயல, உள்ளே குண்டைச் சுழட்டுற வரியெல்லாம் கூர்மையா இருக்கு. குண்டு ரெண்டு கூடுதலா, முந்நூத்திப் பன்னெண்டு இருந்தாத்தான் குழலைக் கவ்வும், இல்லாட்டி புரண்டுதான் போகும். வெர்னா குண்டைத் தள்ளி அளவாக்குற வளையம் பன்னெண்டுதான்." பிறகு டின்னிலிருந்து ஒரு குண்டை எடுத்து அளந்தார். "இது முந்நூத்தி ஒம்பது. அதனாலதான் கூட்டுல வழுக்கிட்டு இறங்கியிருக்கு. யாரோ சின்ன வளையத்துல மறுபடி தள்ளியிருக்காங்க."

"கிராடிகிட்ட முந்நூத்தி ஒம்பது அளவு வளையம் இருக்கு," என்றாள் மேபெல்.

"எல்டன்கிட்டயும் இருக்கு. ரெண்டு பேர் துப்பாக்கியும் புதுசு, குழல் குறுகல்," என்றார் ஆர்வில். "ஆனா வளையத்துல தள்ளினா, குழல்ல ஈயம் ஒட்டாம இருக்க குண்டுல பூசின மெழுகு வழிஞ்சுடும். மெழுகு இல்லாத குண்டை வைக்க நம்மாளுங்களுக்குக் கை வராது. இதைச் செஞ்சவன் தான் வழக்கமாப் பூசுறதையே பூசிட்டான். வெர்னாவோடது தேன்மெழுகு. கிராடியோடது கடையில வாங்குற நீல மெழுகு. ரெண்டையும் நாய் மோந்துகூடப் பாக்காது."

குண்டை நீட்டினார். பிஸ்கட் ஓடிவந்து வாலாட்டியது. மேபெல் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். ஆட்டுக் கொழுப்பு. ஊரில் அதைக் காய்ச்சிப் பூசுகிறவன் எல்டன் ஒருவன்தான்.

"ஊர்ல என்னை இப்ப வெர்னா புருஷன்னுதான் கூப்பிடுறாங்க. வயிறு எரிஞ்சுது. ஒரு சனிக்கிழமை நீ தோத்தா போதும்னு பாத்தேன். அப்புறம் விட முடியல," என்றான் எல்டன்.

"என்னைத் தோக்கடிச்சிருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன்," என்றாள் வெர்னா. "அப்பா துப்பாக்கி செத்துப்போச்சுன்னு நான் அழுதேன். நீ தோளைத் தட்டி, வித்துடுன்னு சொன்ன."

கிராடி தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வெர்னா டின்னில் இருந்ததை அப்படியே உருக்கிப் புதிதாக வார்த்து, தன் வளையத்தில் தள்ளித் தேன்மெழுகு பூசினாள். வெயில் சாய்வதற்குள் ஐந்து தடவை சுட்டாள். அட்டையில் ஐந்து ஓட்டையும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின, கிழிசல் இல்லாமல் வட்ட வட்டமாக.

அட்டையை எல்டனிடம் நீட்டினாள். "மேபெல் கடைச் சுவத்துல நீயே ஒட்டு. யாராவது கேட்டா, மூணு வாரம் என்ன ஆச்சுன்னு நீயே சொல்லு."

அவன் ஒட்டினான். கடை நிறைய ஆள் இருந்தது. முதல் ஆளாய்க் கேட்டவள் மேபெல்தான்.